ஆரஞ்சுப் பழம் மூழ்கும் என்று சொன்னவள் எழுதுவது

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் பார்த்ததும் கிளம்பி வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். மேடம் வேலையை விட்டு அனுப்புவதற்குள் நாமாகவே போய்விட்டால் மரியாதையாக இருக்கும்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலை, சின்னப் பிள்ளைகள் டேப்லெட்டில் தொட்டுத் தொட்டுப் படிக்கும் அறிவியல் பாடத்துக்குக் குரல் கொடுப்பது. வெளிச் சத்தம் பதிவாகாமலிருக்கப் போர்வை தொங்கவிட்ட அலமாரிக்குள் என்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எனக்கு அது சொர்க்கம். மேடம் சொன்னது ஒன்றுதான்: "நீ கேள்வி மட்டும் கேளு. பதிலைப் பத்தி மூச்சே விடக் கூடாது. பிள்ளைங்களே செஞ்சு பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்." ஆனால் சித்தப்பா, பதில் தெரியாமல் வகுப்பில் எழுந்து நிற்பதற்குப் பயந்துதானே நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்? "ஆரஞ்சுப் பழம் மிதக்குமா, மூழ்குமா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தவிக்கவிட மனம் வரவில்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் கிசுகிசுவென்று பதிலையும் சொல்லிவைத்தேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, ஆபீஸில் யார் காதிலும் விழவில்லை.

நேற்று ஒரு பள்ளியில் பிள்ளைகள் கையில் டேப்லெட்டைக் கொடுத்துப் பாடத்தைச் சோதித்துப் பார்த்தோம். கல்லா? "மூழ்கும்!" மரக்கட்டையா? "மிதக்கும்!" வகுப்பே ஒரே குரலில் கத்த, மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆரஞ்சுக்கும் "மூழ்கும்!" என்றார்கள். டீச்சர் அதை வாளியில் போட்டார். அது பாட்டுக்கு மிதந்தது. கனமாக இருக்கிறதே என்று நானாகச் சொன்ன பதில் அது. முன்வரிசை வாண்டு ஒன்று எழுந்து, "டீச்சர், இந்த அக்கா புளுகுறாங்க! டேப்லெட்டுல காதை வச்சுக் கேளுங்க!" என்றது. மேடம் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வகுப்புக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். "அப்போ கல்லும் புளுகாத்தான் இருக்கும்!" "அக்கா சொன்ன எல்லாத்தையும் போட்டுப் பாக்கலாம்டா!" கல், கட்டை, செருப்பு, டீச்சரின் சாவிக்கொத்து, மேடத்தின் சாப்பாட்டு டப்பா, எல்லாம் வாளிக்குள் போயின. ஒருத்தி பழத்தை உரித்துப் போட்டாள். இப்போது அது மூழ்கியது! ஏன் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. மணி அடித்தும் ஒருவரும் வெளியே போகவில்லை. திரும்பும் வழியெல்லாம் மேடம் டேப்லெட்டைக் காதில் வைத்து என் கிசுகிசுப்பையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?

சித்திக்கு என் வணக்கம். குட்டிகளுக்கு முத்தம், அவர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மேடம் வந்து அலமாரிக் கதவைத் தட்டினார். வெறும் கேள்வி கேட்டால் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். நான் தப்பாகச் சொன்னால்தான் எழுந்து வாளியைத் தேடுகிறார்களாம். "எல்லாப் பாடத்துக்கும் நீயே கிசுகிசுக்கணும். நடுநடுவுல தப்பாவும் சொல்லணும். முடியுமா?" என்றார். சித்தப்பா, வராதீர்கள். முதல்முறையாக எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.