தொங்கட்டான் இல்லை, ஈ

அஸ்தம்பட்டியில் கைவினைக் கண்காட்சி நடத்திய நடுவர்களே, நீங்கள் பொருளைப் பார்க்காமலே பரிசு கொடுத்தீர்கள்.

கடையில் ஆள் இல்லாதபோது ஈ ஓட்டுகிறவர்கள் நாடெங்கும் உண்டு. கடை நிறைய ஆள் நிற்கும்போது ஈ கட்டிக்கொண்டிருந்தவர் உலகத்திலேயே எங்கள் ஈக்காரர் ஒருவர்தான். மல்லசமுத்திரத்தில் என் டயர் கடைக்கு அடுத்தது, போர்வெல் போடுகிற ரிக் லாரிகளுக்கான அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. குளிர்நாட்டு ஆறுகளில் சால்மன் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் ஜரிகையும் பட்டுநூலும் சுற்றிப் பொய் ஈ செய்வார்களாம். அதைப் போனில் பார்த்தார். இரும்புக் குழாய் பிடிக்கிற வைஸில் அன்றே தூண்டில் முள் ஏறிவிட்டது.

இத்தனைக்கும் மனிதர் சுத்த சைவம். மீன் வாடை அடித்தால் வேறு தெருவில் போவார்.

“ஏனுங்க, இதைத் தண்ணியில போட்டுப் பாத்தீங்களா?” என்றேன்.

“சாயம் போயிருமுங்க.”

“ஈ மாதிரியே இல்லீங்களே.”

“இருக்கக் கூடாதுங்க. முட்டை போட ஆத்துக்கு வாரப்ப அந்த மீனு எதையும் திங்காது. மூஞ்சிக்கு முன்னால கலர்கலரா ஒண்ணு ஆடுனா, கோவத்துல கடிக்குமுங்க.”

அன்றுமுதல் அந்த மீனை எனக்குப் பிடித்துப்போனது.

அவர் மனைவியின் முகூர்த்தப் புடவையில் ஜரிகை குறைந்துகொண்டே வந்தது. “இந்த மனுசன் ஊட்டுல இருந்தா பீரோவத் தொறக்கவே பயமா இருக்குதுங்க” என்றார் அந்த அக்கா. ஒருநாள் ரிக் டிரைவர் ஒருவர் கோயிலுக்கு நேர்ந்த சேவலோடு போல்ட் வாங்க வந்தார். டிரைவர் ரேக்கில் போல்ட் தேடித் திரும்புவதற்குள் சேவலுக்கு வால் இல்லை.

“இது சாமிக்குங்க” என்று டிரைவர் அலறினார்.

“வால் சாமிக்கு எதுக்குங்க?”

வாலில்லாத சேவலைப் பூசாரி தொடவில்லை. அது உயிர் பிழைத்துக் கடையிலேயே தங்கியது. வால் முளைத்த பிறகு இவரைக் கண்டாலே லாரிக்கு அடியில் ஓடியது.

கடைசியில் தன் நல்ல ஈ ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கண்காட்சிக்கு எடுத்துவந்தார். அவர் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து ஈ என்று சொல்ல வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? சிறந்த தொங்கட்டான், முதல் பரிசு என்று மைக்கில் அறிவித்தீர்கள். உங்களில் ஓர் அம்மா அதைக் காதருகே பிடித்து, “இதுக்கு ஜோடி எங்க சார்?” என்றார்.

“ஈக்கு எதுக்குங்க ஜோடி?”

மண்டபமே சிரித்தது. அவர் கேடயத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். ஊர் வந்ததும் வைஸிலிருந்து முள்ளைக் கழற்றினார்.

இப்போது போல்ட் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை. “செத்த இருங்க, இந்த எறகு முடியட்டும்” என்று அவர் என்னை மறுபடி காக்கவைக்க வேண்டும். ஆகவே நடுவர்களே, நீங்கள் பரிசு கொடுத்த பொருளின் பெயர் என்ன என்று, இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.