கேட்காமல் கை கொடுப்பவர்

கேட்காமல் கை கொடுப்பவர் என்றோர் இனம் நம்மிடையே இருக்கிறது. கெட்டவர் அல்லர். சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் போலீசில் சொல்லலாம். இவர் மீது என்னவென்று புகார் எழுதுவீர்கள்?

நீங்கள் காரைப் பின்னால் எடுக்கும்போது எங்கிருந்தோ முளைத்து, “வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்” என்று கையை ஆட்டி, பம்பர் சுவரில் இடித்த பிறகு “ஆங், போதும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுபவர் இவர். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நீங்கள் இரண்டு கையாலும் மறைத்தாலும், “சார் கூச்சப்படுதாரு, ஊத்துலே” என்று உங்கள் மோர்ச்சாதத்தின் மேல் சாம்பாரை ஊற்றவைப்பவர் இவர். பஸ் ஸ்டாண்டில் ஆலங்குளம் பஸ்ஸுக்காக நிற்கும் பார்வையற்ற ஒருவரின் கையைப் பிடித்து, அவர் வாயைத் திறப்பதற்குள் சாலையைக் கடக்கவைத்து, அந்தப் பக்கம் நிறுத்தி, “பாத்துப் போங்க அண்ணாச்சி” என்று வாழ்த்தி அனுப்புபவரும் இவரே. பஸ் போய்விடும். புண்ணியம் சேர்ந்துவிடும்.

தென்காசியில் இந்த இனத்துக்கு ஒரு தலைவர் வேண்டுமென்றால் போட்டியே இல்லாமல் சங்கரபாண்டி அண்ணாச்சிதான். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவருக்கென்று ஒரு வாக்கியம் உண்டு: “நான் பாத்துக்கிடுதேன்.” இதைச் சொல்லிவிட்டால், அதன்பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் விழாது.

போன ஆனி மாதம் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஷெர்லின் என்ற பிசியோதெரபிஸ்ட். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாத இருவர், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போகிறார்கள். பொதுக் கட்டடங்களில் படியோடு சாய்தளமும், சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி கழிப்பறையும் வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். குற்றாலத்தில் ஒரு கூட்டம் போட முடியுமா, படிக்கட்டு இல்லாத இடமாக இருந்தால் நல்லது என்று கேட்டார்.

“படிக்கட்டெல்லாம் ஒரு விசயமாம்மா? நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொண்டார். தன் சம்பந்தியின் கல்யாண மண்டபத்தைப் பிடித்தார். வாசலில் எட்டுப் படி உள்ள மண்டபம். படிக்கு ஒருவராக எட்டு தடித்த இளைஞர்களையும் பிடித்தார், தூக்குவதற்கு. “சாதனைச் சிங்கங்களே வருக” என்று பேனர் வைத்தார். அதில் சிங்கங்கள் தீப்பெட்டி அளவிலும், வரவேற்பவர் சன்னல் அளவிலும் இருந்தார்கள்.

கூட்டத்தன்று காலை சாரல். தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் முன்னால் இருவரும் வந்து நின்றார்கள். ஒருவர் ஆலங்குளத்து ஜெபசிங், நாற்பது வயது, செல்போன் கோபுரத்தில் ஏறி வேலை பார்த்தபோது விழுந்தவர். மற்றவர் கடையநல்லூர் மெஹர் பானு, இருபத்தேழு வயது, கல்லூரிக்குப் போகும் வழியில் பஸ் படியிலிருந்து விழுந்தவர். தரையோடு தரையாகத் தாழ்ந்த சைக்கிள். கால்களை நீட்டி வைத்து, நெஞ்சுக்கு நேரே உள்ள பெடலை இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். பானுவின் தோள்களைப் பார்த்த இளைஞர்கள் எட்டுப் பேரும் தங்கள் சட்டைக் கையைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

அண்ணாச்சி குனிந்தார். கேட்டது பானுவிடம் அல்ல, பின்னால் வேனில் வந்த ஷெர்லினிடம்.

“ஏம்மா, இவுக இட்லி சாப்பிடுவாகளா?”

“சாப்பிடுவோம் அண்ணாச்சி” என்றாள் பானு. “வாய்க்கு ஒண்ணும் ஆகல.”

ஜெபசிங் சிரித்துவிட்டார். அண்ணாச்சியும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே சிரிப்பது இந்த இனத்தின் பெருந்தன்மை.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர்தான். ஜெபசிங் முன்னால், பானு பின்னால், அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் அண்ணாச்சி, கடைசியில் ஷெர்லினின் வேன். மேலகரம் தாண்டியதும் சாலை லேசாக ஏறுகிறது. பானு கியரைக் குறைத்து நிதானமாகச் சுற்றினாள். அவளுக்கு அது சாதாரண ஏற்றம். பின்னால் வந்தவருக்குத்தான் தாங்கவில்லை. ஒரு பெண்பிள்ளை மழையில் மூச்சு வாங்கி ஏறுகிறாள், நாம் ஸ்கூட்டரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஸ்கூட்டரை ஓரத்தில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடிப்போய் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, விடுங்க!”

“பயப்படாத தாயி, நான் இருக்கேன்!”

“அதான் பயமா இருக்கு! விடுங்க, வண்டி திரும்புது!”

அவர் விடுவாரா? இன்னும் வேகமாகத் தள்ளினார். வளைவில் முன்சக்கரம் ஈரமான தார்ச்சாலையின் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கியது. சைக்கிள் ஒருபக்கமாகச் சாய்ந்து, பானுவின் கால் சாலையில் தேய்ந்துகொண்டே நாலடி போய் நின்றது.

ஷெர்லின் வேனிலிருந்து குதித்து ஓடிவந்தார். பானு கையை ஊன்றி நிமிர்ந்து, மண்ணைத் தட்டிவிட்டு, “ஒண்ணுமில்ல” என்றாள். அவளுக்குத் தெரியவில்லை. முழங்காலில் ரத்தம் வழிவதை, திரும்பி வந்த ஜெபசிங்தான் முதலில் பார்த்துச் சொன்னார். வலி தெரியாத இடத்தில் பட்ட காயம் பொல்லாதது. ஆற வாரக்கணக்காகும், சீழ் வைத்தால் பயணமே அத்தோடு முடியும். ஷெர்லின் வாயைத் திறக்காமல் கட்டுப் போட்டார். அவர் வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அண்ணாச்சிக்குக்கூடப் புரிந்தது.

“தெரியாம ஆயிப்போச்சும்மா. ஏறச் சிரமமா இருக்கேன்னு…”

“சிரமமா இருக்குன்னு நான் சொன்னேனா?”

அண்ணாச்சி யோசித்தார். சொல்லவில்லைதான்.

பானு சைக்கிளைத் திருப்பினாள். குற்றாலத்தை நோக்கி அல்ல, மேலகரத்தை நோக்கி.

“எங்கம்மா போற?”

“நீங்க தள்ள ஆரம்பிச்ச எடத்துக்கு. அங்கன இருந்து திரும்ப ஓட்டணும்.”

“நூறு அடிகூட இருக்காது தாயி. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

கட்டுப் போட்ட காலோடு சைக்கிளிலேயே சரிவில் இறங்கினாள். ஒரு வேப்பமரத்தடியில் நின்று, “இங்கனதானே?” என்று கேட்டாள். அண்ணாச்சி தலையாட்டினார். அங்கிருந்து மறுபடி ஏறினாள். அவர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். சங்கரபாண்டி அண்ணாச்சி தொடர்ந்து பத்து நிமிடம் பேசாமல் இருந்ததற்கு ஜெபசிங்கும் ஷெர்லினும் சாட்சி. மற்றவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் பழக்கம் பத்து நிமிடத்தில் போகுமா? மண்டபம் வந்ததும் உயிர் வந்துவிட்டது. மேடையேறி மைக்கைப் பிடித்து, “தூக்குங்கலே!” என்றார். எட்டுப் பேரும் முன்னால் வந்தார்கள்.

“யாரும் தொடாதீங்க” என்றாள் பானு. கத்தவில்லை. எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள்.

“தூக்கினா ரெண்டு நிமிசந்தானேம்மா!” என்று மைக்கில் கெஞ்சினார் அண்ணாச்சி.

“இந்த எட்டுப் படியப் பத்திப் பேசத்தான் அண்ணாச்சி கன்னியாகுமரியிலேருந்து வாறோம். நாங்க கீழயே பேசுதோம். கேக்கணும்னு நெனைக்கவுக இறங்கி வரட்டும்.”

முதலில் மண்டபத்துக்குள் முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். பிறகு எல்லோரும். சாரலில் குடை பிடித்தபடி இருவரையும் சுற்றி நின்றார்கள். மேடையில் விருந்தினருக்கு வாங்கிவைத்த பொன்னாடைகளும் அண்ணாச்சியும் மட்டும் மிச்சம். அவரும் மைக்கோடு இறங்கப் பார்த்தார். ஒயர் வாசலின் மூன்றாம் படியோடு இழுத்துப் பிடித்துக்கொண்டது. அங்கேயே நின்று கேட்டார்.

பானு அதிகம் பேசவில்லை.

“அடிபட்டதுக்கப்புறம் கடைசி வருசப் பரீட்சை எழுதப் போனேன். மாடியில ஹால். நாலு பேரு நாற்காலியோட தூக்கிட்டுப் போய் உக்கார வச்சாங்க. நல்ல மனுசங்கதான், குத்தம் சொல்லல. ஆனா முந்தின ராத்திரியிலேருந்து நான் ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஏன் தெரியுமா? பாத்ரூம் போகணும்னா அந்த நாலு பேரையும் திரும்பக் கூப்பிடணும். அஞ்சு பரீட்சையும் அப்படித்தான் எழுதினேன். எங்களத் தூக்க ஆளு வேண்டாம். நாங்களே போய்க்கிடுற மாதிரி வழி இருந்தாப் போதும்.”

முன்னால் நின்ற ஒரு அம்மா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாம் படியில் நின்றவர் மைக்கை அணைத்தார்.

காயத்துக்காக மதுரையில் நான்கு நாள் பானுவைப் படுக்கவைத்தார் ஷெர்லின். ஜெபசிங் தனியாகப் போக மறுத்து, அவரும் உட்கார்ந்துவிட்டார். சீழ் வைக்கவில்லை. நான்கு நாள் தாமதமாகச் சென்னை போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் ஊர் திரும்புவதற்குள் அண்ணாச்சி மண்டபத்தில் சாய்தளம் கட்டி முடித்திருந்தார். கொத்தனாரைப் பிடித்து, பக்கத்திலேயே நின்று, மூன்றே நாளில். கைப்பிடிக்கு மஞ்சள் பெயிண்ட் வேறு. போட்டோ எடுத்துப் பானுவுக்கு அனுப்பினார். நாலடி உயரத்துக்கு எட்டடி நீளம். சக்கர நாற்காலியில் ஏறினால் மல்லாக்க விழலாம். இறங்கினால் நேராக ரோட்டில் போகும் பஸ்ஸுக்குள் ஏறிவிடலாம்.

பானு பதில் அனுப்பினாள்: “நல்லா இருக்கு அண்ணாச்சி. கல்யாணத்துக்கு வார பிள்ளைகள் சறுக்கி விளையாடும்.”

எட்டாம் நாள் அண்ணாச்சியே போன் செய்தார்.

“ஏம்மா… எத்தன அடி வேணும்?”

“ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்.”

“நாப்பத்தெட்டு அடியா? வாசல்ல அவ்வளவு எடம் இல்லியே!”

“மடக்கி மடக்கிக் கட்டலாம். நேர்ல வந்து பாத்துச் சொல்லட்டா?”

“வண்டி அனுப்பு…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. “வண்டி அனுப்பட்டாம்மா? வேணுமா?”

“வேண்டாம் அண்ணாச்சி. நானே வந்துருவேன்.”

வந்தாள். அளந்து சொன்னாள். எட்டடியை இடித்துவிட்டு, இரண்டு மடிப்பாக நாற்பத்தெட்டு அடி கட்டினார்கள். கார்த்திகையில் பானு சக்கர நாற்காலியில் அதில் முதல்முறை ஏறியபோது நானும் போயிருந்தேன். சாய்தளத்தைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் பின்னால் கட்டி, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மடிப்பில் அவள் ஒரு நொடி நின்றபோது அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் நகரவில்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. நாற்பத்தெட்டு அடியும் ஏறிய பானுவுக்கு அவ்வளவு வேர்க்கவில்லை.

ஆகவே இந்த இனத்தவர் திருந்தமாட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ரொம்பத் தூரம் தேட வேண்டாம். இவ்வளவையும் படித்து நெஞ்சு நெகிழ்ந்து, உங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் இருப்பவர் நினைவுக்கு வந்து, அவருக்கு உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா?

ரொம்ப நல்லது. அவர் பெயர் என்ன?