செவ்வாய்க்கிழமை டீச்சர்

எதிராளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அவர் பர்ஸைத் தொடாமல் இருந்த ஒரே ஜீவன் இந்த உலகத்தில் எங்கள் செவ்வாய்க்கிழமை டீச்சர்தான்.

ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணக்கு வாத்தியார், அவர் இங்கிலீஷ். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேற்படிப்புக்கு வழிகாட்டும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். அவர் எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போய், வேப்பமரக் கிளையின் நிழலில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்வார்.

"பத்து வருஷம் போய்டுச்சு. ஒரு சாதா செவ்வாய்க்கிழமை. காலைல பதினோரு மணி. நீ எங்க இருக்க? மூக்குல இன்னா வாசனை வருது?"

"ஏன் டீச்சர் செவ்வாய்க்கிழமை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் ஜாலி சார். திங்கக்கிழமை எல்லாருக்கும் பேஜார். செவ்வாய்க்கிழமை புடிச்சாத்தான் அது நம்ம வேலை."

டாக்டர் ஆகப்போகிறவன் ஒருவன் பிரியாணி வாசனை வருகிறது என்றான்.

"பேஷன்ட் யாராவது தெரியறாங்களா?"

"இல்ல டீச்சர். டிபன் பாக்ஸ்தான் தெரியுது."

சோதிக்க வந்த தலைமையாசிரியரும் கண்ணை மூடினார். மணி அடிக்கும்வரை குறட்டை. "எழுப்பாதீங்க, பாவம், இப்பத்தான் அவருக்குக் கனவு வருது" என்று பிள்ளைகளைப் பூனைநடையாகக் கீழே இறக்கினார் டீச்சர்.

நந்தினி முறை வந்தபோது, "தோல் வாசனை வருது டீச்சர். முன்னாடி ஒரு ஷூ இருக்கு, நான் வரைஞ்சது" என்றாள். வகுப்பே சிரித்தது. அந்த வாசனையிலிருந்து தப்பிக்கத்தானே தோல் தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் ஊரில் எல்லோரும் படிப்பது!

அவள் அப்பா ஏழுமலைக்கு ஷூ கம்பெனியில் வேலை. பிளஸ் டூ ரிசல்ட் வந்தாயிற்று; திருப்பத்தூர் காலேஜில் மகளை பி.காம். சேர்க்க மறுநாள் கடைசி நாள். அவளோ ஷூ டிசைன்தான் படிப்பேன் என்று சாப்பிடாமல் கிடக்கிறாள். மனுஷன் கொதித்துப்போய், டீச்சரும் நானும் இருந்த மொட்டை மாடிக்கு ஏறி வந்தார்.

"நான் கையெல்லாம் பசையா வூட்டுக்கு வர்றது பத்தாதா டீச்சர்? என் பொண்ணு பேங்க்குக்குப் போணும்!"

"உக்காருங்கண்ணே. கண்ண மூடுங்க."

அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். மூடிவிட்டார். காற்று மெல்ல வீசியது, சட்டையில் வேப்பம்பூ உதிர்ந்தது.

"செவ்வாய்க்கிழமை. நந்தினி எங்க?"

"பேங்க்ல. ஏசில உக்காந்துனு இருக்கா." முகமெல்லாம் மலர்ச்சி.

"இன்னா பண்றா?"

அவர் புருவம் சுருங்கியது. "குனிஞ்சுனு இருக்கா டீச்சர்."

"பணம் எண்றாளா?"

"இல்ல. கவுன்டருக்கு வர்றவங்க காலயே பாத்துனு இருக்கா."

ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

"இப்பிடிப் பாத்துனு இருந்தா பேங்க்ல வச்சுப்பாங்களா?"

"கஷ்டம்தாண்ணே."

ஏழுமலை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கியது. "அந்த ஷூ படிப்பு எந்த ஊர்ல டீச்சர்?" என்றார்.

போன மாதம் டீச்சருக்குக் கலவை என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப வந்த ஏழுமலை ஒரு ஜோடி ஷூவை நீட்டினார். மகள் வரைந்தது, அப்பா செய்தது. டீச்சர் காலுக்கு ஒரு சைஸ் பெரிசு. அவர் அங்கேயே மாட்டிக்கொண்டு, டப் டப்பென்று சத்தம் போட்டபடி பஸ் ஏறினார்.

கலவைப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.