யானையைத் துரத்தியது யார் என்பது பற்றி மச்சானுக்கு

சாய்ந்தமருது,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

இறக்காமத்தில் வயல் செய்து வாழும் மதிப்புக்குரிய மச்சான் மீராசா அவர்களுக்கு, உங்கள் தங்கை சுபைறாவின் மாப்பிள்ளை அபூசாலி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் உதவியால் இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் வீட்டாரும் வயலும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். யானையும் சுகமாக இருக்கட்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இது என் கையால் எழுதுவது. இதற்கு முன் நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. முதல் கடிதம் தனக்கு வந்ததே என்று நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம், கோபத்தில்தான் வருகிறது. போனில் கதைக்கலாம்தானே என்பீர்கள். போனில் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள், எனக்குக் கதை அறுந்துபோகும். கடிதத்தில் நீங்கள் சிரித்தாலும் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகலாம். இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு சொல்லை எழுதிவிட்டு, திரும்ப வாசித்து, அது நான் நினைத்த சொல்லாகவே இருப்பதைக் காணும்போது வருகிற இன்பம், கரைவலை நிறையப் பாரை மீன் ஏறிய நாளில்கூட எனக்கு வந்ததில்லை.

நான் எழுதப் படித்த கதையைச் சுபைறா தன் இஷ்டப்படி உங்களுக்குச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். மகள் றஸ்னாவின் பிள்ளை அம்ஹா பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று என் சாரனைப் பிடித்த பிடியை விடவில்லை. வகுப்பாசிரியை நஸ்லியா ரீச்சர், பேத்தி என்னைக் கூப்பிடுவது போலவே, "அப்ப மூத்தப்பாவும் உள்ளுக்கு வந்து இரிங்களன்" என்றார். இருந்தேன். கொஞ்ச நாளில் பிள்ளை சாரனை விட்டுவிட்டாள். நான் கதிரையை விடவில்லை. ரீச்சர் எடுத்த எடுப்பில் எழுத்துச் சொல்லித் தரவில்லை. தட்டில் மணலைப் பரப்பி, கோடு, வளைவு, சுழி என்று விரலால் போடச் சொன்னார். கடற்கரையில் பிறந்தவனுக்கு மணலில் கோடு போட வராதா? அதில் நான்தான் முதலாவது. பிறகு கொப்பி வந்தது, வினையும் வந்தது. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் பழகிய கை, கொப்பியைக் கடைசிப் பக்கத்தில் திறந்து வலது ஓரத்தில் தொடங்கிவிட்டது. பக்கம் முழுக்க அம்மாவும் ஆடும் பின்பக்கமாக நடந்துபோயின. பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. "ஓதுறது அந்தப் பக்கத்தால, எழுதுறது இந்தப் பக்கத்தால. உங்களுக்கு ரெண்டு வாசலும் தெரிஞ்சாச்சு மூத்தப்பா" என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பி வைத்தார். ஆனாலும் அன்று நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியது அம்ஹாவின் கொப்பியில்தான். அதற்கும் எனக்கு நெஞ்செரிந்தது. ஆனால் அது சொந்தப் பேத்தி, பொறுத்துக்கொண்டேன். உங்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறோம். எங்களுக்கு இப்போது கட்டுரை. ரீச்சரின் முறை என்னவென்றால், எழுதுவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கிறவரிடம் அந்தக் கதையை வாயால் சொல்ல வேண்டும், பிறகு படமாக வரைய வேண்டும், அதற்குப் பிறகுதான் பென்சிலால் எழுதலாம். நல்லவர், வல்லவர் என்று யாராவது எழுதினால் அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, என்ன செய்தார், எங்கே செய்தார், நீ பார்த்தாயா என்று கேட்பார். போன கிழமை தந்த தலைப்பு, 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்'. அம்ஹா எழுதத் தொடங்கினாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். 'என் மூத்தப்பா நல்லவர்' என்று இருந்தது. மச்சான், இந்த உலகத்தில் என்னைப் பற்றி எழுதப்பட்ட முதல் வசனம் அது. அதை நானே வாசித்தேன். இருந்த இடத்தில் நிமிர்ந்து இருந்தேன். ரீச்சர் வந்து வட்டம் போட்டார்.

"நல்லவரெண்டா என்ன செய்வார் மகள்?"

அம்ஹா திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தாள். "கதிரையில இரிப்பார் ரீச்சர்."

"வேற?"

"என்ட பிஸ்கட்டத் தின்பார்."

பிறகு அழிறப்பரை எடுத்து என்னை அழித்தாள். தூசியையும் ஊதிவிட்டாள். அந்த இடத்திலேயே, 'இறக்காமத்து மூத்தப்பா யானையைத் துரத்தினார்' என்று எழுதினாள். அதோடு நிற்கவில்லை. நீங்கள் தகரம் அடித்ததும், யானை காதை விசிறியதும், வரம்பெல்லாம் இடிய அது குளத்துப் பக்கம் ஓடியதும் பக்கம் நிறைய வந்துவிட்டது. ரீச்சர் பெரிய நட்சத்திரமாகப் பார்த்து ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டார். பெற்றோர் தினத்துக்கு உங்களைக் கூப்பிட்டு, முன்னுக்குக் கதிரை போட்டு இருத்தி, பிள்ளைகள் கேள்வி கேட்டு எழுதப் போகிறார்களாம். எந்தக் கதிரை என்று பார்த்தேன். நான் இருக்கிற கதிரை.

நான் எழும்பினேன். ரீச்சர் சொல்லித் தந்த கேள்வியைத்தான் கேட்டேன். நீ பார்த்தாயா? அம்ஹா, "நான் உம்மாட மடியில முகத்தப் பொத்திட்டு இருந்த. இறக்காமத்து மூத்தப்பாதான் சொன்ன" என்றாள். அப்படியானால் பார்த்தவன் சொல்கிறேன் என்று வகுப்புக்கு முழுவதையும் சொன்னேன். போன விடுமுறைக்கு நாங்கள் எல்லோரும் உங்கள் வயலுக்கு வந்திருந்ததையும், பொழுதுபடும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் குளக்கட்டால் யானை இறங்கியதையும், அது ஓடியது அடுத்த வயல்காரர் அழகரெத்தினம் கொளுத்தி எறிந்த யானை வெடிக்கு என்பதையும் சொன்னேன். நீங்கள் உழவு மெசினின் இழுவைப் பெட்டிக்கு மேலே நெல் மூட்டைகளுக்கு நடுவில் துவாயால் தலையை மூடிக் குந்தியிருந்ததையும் மறைக்கவில்லை. தகரச் சத்தம் கேட்டது உண்மை. ஆனால் அதை நீங்கள் அடிக்கவில்லை, உங்கள் கை நடுங்கியதில் அது தானாக அடித்தது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். ரீச்சர், "நல்ல விபரம். இவ்வளவையும் நீங்க எங்க நிண்டு பார்த்த மூத்தப்பா?" என்று கேட்டார். வகுப்பே என் பக்கம் திரும்பியது. நல்ல நேரம், லுஹருக்குப் பாங்கு சொன்னது. எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நியாயம் கேட்டால் சுபைறா தன் அண்ணனை விட்டுக்கொடுக்காமல், எங்கட காக்கா சின்னதிலயே ஆனைக்குப் பயமில்லாதவர் என்று சொல்லிச் சீனி போடாத தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். 'யானை ஓடியது அழகரெத்தினத்தின் வெடிக்கு, என்னால் அல்ல' என்று ரீச்சருக்கு உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வயலில் வேலை, பெற்றோர் தினத்துக்கு வர வசதிப்படாது என்றும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு உங்கள் யானை வேண்டாம், நட்சத்திரம்கூட வேண்டாம். அந்தப் பிள்ளையின் கொப்பியில் எனக்கு ஒரு வசனம் வேண்டும். அவள் அழிக்காத வசனம். நீங்கள் யானையோடு குறுக்கே நிற்கும் வரைக்கும் அது எனக்குக் கிடைக்காது.

உங்கள் வேளாண்மையில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். வயலில் யானை இறங்காதிருக்கட்டும். இறங்கினாலும், என் பேத்தி அங்கே இல்லாத நாளாகப் பார்த்து இறங்கட்டும். வீட்டார் அனைவருக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
அபூசாலி
(இது கையெழுத்து. பெருவிரல் அடையாளம் அல்ல.)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுத் திரும்ப விரித்திருக்கிறேன். இப்போதுதான் அம்ஹா கொப்பியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். மற்ற மூத்தப்பாவைப் பற்றியும் எழுதி வரும்படி ரீச்சர் சொன்னாராம். பென்சிலைத் தீட்டிக்கொண்டு, "ஆன வந்த நேரம் நீங்க எங்க நிண்ட மூத்தப்பா?" என்று கேட்டாள். மெசின் பெட்டிக்குக் கீழே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆனைக்கும் இறக்காமத்து மூத்தப்பாவுக்கும் நடுவுல" என்று வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் அல்ல. 'என் மூத்தப்பா யானைக்கு முன்னால் நின்றார்' என்று எழுதினாள். அழிறப்பரைத் தொடவேயில்லை. ஆகையால் மச்சான், மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். ரீச்சருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். பெற்றோர் தினத்துக்குக் கட்டாயம் வாருங்கள், என் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போடச் சொல்கிறேன். அழகரெத்தினத்துக்கு நல்ல பாரைக் கருவாடு அனுப்புகிறேன், வெடி விஷயத்தை அவரிடம் நீங்கள் கதைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நான் சொன்னதை நானே மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகள் கேட்டால் நீங்கள் எனக்குப் பின்னால் நின்று தகரம் அடித்தீர்கள். பெட்டிக்கு மேலே யாரும் இருக்கவில்லை. கீழேயும் யாரும் இருக்கவில்லை.