கீழ்வீட்டு ஃபிளமென்கா

வில்வோர்டே, பெல்ஜியம்
1978, மே மாதக் கடைசி ஞாயிறு

பெஞ்ஞாரோயாவில் வாழும் என் மூத்த சகோதரி, மதிப்பிற்குரிய காசில்டா அக்காவின் சமூகத்துக்கு,

தம்பி பால்தொமேரோ பணிந்து எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் மூட்டுவலி தணிந்திருக்கவும், அத்தானின் இருமல் அவரை விட்டுப் போயிருக்கவும், உங்கள் ஆலிவ் மரங்களில் பூ உதிராமல் நிற்கவும் தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் பக்கம் என் மனைவி நியேவெஸ் நலம், மழை நலம், நான் மட்டும் சுமார்.

விழா எப்படி நடந்தது, தூதரக அதிகாரி என் கையைக் குலுக்கினாரா, படம் ஏன் அனுப்பவில்லை என்று விடாமல் கேட்டிருக்கிறாய். குலுக்கினார் அக்கா. படமும் இருக்கிறது. அதில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், நான் தரையில் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்து நிற்கிறேன். அந்தப் படத்தை அனுப்பினால் விளக்கமும் அனுப்ப வேண்டும், விளக்கத்துக்கு இத்தனை நாளாக மனம் துணியவில்லை.

இங்கே பிழைக்க வந்த தென் ஸ்பெயின்காரர்கள் கூடும் அந்தலூசியர் இல்லத்துக்கு நான் தலைவர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். எப்படித் தலைவரானேன் என்பதையும் தெரிந்துகொள். தேர்தல் அன்று பேருந்து தாமதமாகிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தலூசிய ஆட்டமான ஃபிளமென்கோவும் எனக்கு அப்படித்தான் வந்து வாய்த்தது. நம் வீட்டில் யார் ஆடினார்கள், நீயே சொல். சுரங்கத்திலிருந்து ஏறி வந்த அப்பாவுக்குப் படுக்கை வரை நடக்கத்தான் கால் இருந்தது. ஆனால் இங்கே வந்து இறங்கிய வாரமே தொழிற்சாலை மேஸ்திரி என்னை நிறுத்தி, "ஸ்பெயினா? அப்ப ஒரு ஆட்டம் போட்டுக் காட்டு" என்றான். தெரியாது என்றேன், நம்பவில்லை. ரொட்டிக்கடைக்காரி கேட்டாள், பல் மருத்துவர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டுக் கேட்டு எங்களுக்கே வெட்கமாகிப் போய், ஒரு சைக்கிள் கடைக் கட்டடத்தின் மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து, ஊரில் கற்காத ஆட்டத்தை இங்கே கற்க ஆரம்பித்தோம். கற்றுக்கொடுத்தவள் ஃபுவென்சாந்தா. கோர்தோபாவில் பாட்டுக்காரர் குடும்பத்தில் பிறந்தவள், இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். எங்கள் கூட்டத்திலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சனிக்கிழமை பிற்பகலில் பெண்களையும் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, பலகைத் தரையில் குதிகாலால் அடிக்க வைப்பாள்.

எங்களுக்குக் கீழ்வீட்டில், சைக்கிள் கடைக்கும் எங்களுக்கும் நடுவே, கோதெலீவ என்ற உள்ளூர் ஃபிளாண்டர்ஸ்காரி குடியிருந்தாள். கணவனை இழந்தவள், தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை, நம் தேவாலயக் கதவு உயரம் இருப்பாள். ஒரு சனிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கையில் சூப்புக் கிண்ணத்தோடு மேலே ஏறி வந்தாள். கூரைக் காரை பெயர்ந்து கிண்ணத்துக்குள் விழுந்திருக்கிறது, அதைக் காட்டிச் சண்டை போட வந்திருக்கிறாள். ஃபுவென்சாந்தாவுக்கு அப்போது இந்த ஊர் மொழியான ஃபிளமிஷில் ஒரு சொல்கூடத் தெரியாது. "வாம்மா, வாம்மா, சூப்பெல்லாம் கொண்டுவரத் தேவையில்ல, சும்மா வந்தாலே போதும்" என்று கிண்ணத்தை வாங்கி சன்னலில் வைத்துவிட்டு அவளை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டாள். கோதெலீவ திட்டிக்கொண்டே நின்றாள். திட்டிக்கொண்டே காலைத் தூக்கினாள். வகுப்பு முடிந்தபோது சூப்பை மறந்துவிட்டுக் கீழே போனாள்.

அடுத்த சனிக்கிழமை நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு வராத சனிக்கிழமை கிடையாது. நம் பெண்கள் பாதிப்பேர் பேச வருவார்கள், மீதிப்பேர் பேச்சைக் கேட்க வருவார்கள், ஆடுவதற்கென்றே வந்தவள் அவள் ஒருத்தி. நாளெல்லாம் முத்திரை குத்திப் பழகிய உடம்பு, தாளம் பிசகவே பிசகாது. தாளத்தின் பன்னிரண்டு அடியையும் "ஏன், த்வே, த்ரீ" என்று ஒன்றிலிருந்து ஃபிளமிஷில் வாய்விட்டு எண்ணுவாள். மெல்ல மெல்ல எல்லாரும் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அதைப் பாட்டின் வரி என்றே நினைத்துக்கொண்டிருந்தன. கை அசைவு மட்டும் அவளுக்குக் கடைசி வரை வரவில்லை, துணி காயப் போடுகிற மாதிரி இருக்கும். ஃபுவென்சாந்தா, "கை கிடக்கட்டும், இந்தக் கால் கிடைக்குமா?" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி மே முதல் தேதி விழாவுக்கு எங்களை அழைத்தது. சந்தைச் சதுக்கத்தில் மேடை, முன்னால் மேயர், பிரஸ்ஸல்ஸிலிருந்து நம் தூதரக அதிகாரி. எங்கள் கிட்டார்காரன் எவரிஸ்தோ என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். ஃபிளமென்கோவுக்குப் பேர்போன செவில்லாவில் பிறந்தவன் என்பதை வணக்கம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிற ஆள்.

"தலைவரே, தூதரகத்துலேருந்து ஆள் வர்றாரு. முன்வரிசையில அந்த ஒட்டகச்சிவிங்கிய நிறுத்தினா என்ன நினைப்பாரு? அந்தலூசியாவுல ஆளே கிடைக்கலையான்னு கேக்க மாட்டாரா?"

"அவ நல்லா ஆடறாளேப்பா."

"நல்லா ஆடறதா பெரிசு? ரத்தத்துல இருக்கணும் தலைவரே. நமக்கு அது ரத்தத்துலயே ஓடுது."

என் ரத்தத்தில் சர்க்கரை ஓடுகிறது என்று மருத்துவர் சொன்னார், வேறெதுவும் ஓடுவதாகச் சொன்னதில்லை. இருந்தாலும் ரத்தம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச நா எழுவதில்லை அக்கா. சரி, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். என் ஃபிளமிஷ் எப்படிப்பட்டது என்றால், இறைச்சிக் கடையில் விரலைக் காட்டித்தான் இன்றைக்கும் வாங்குகிறேன்.

"மேடை... சின்னது. நீங்க... பெரிசு."

அவள் சிரித்தாள். "அப்ப நான் பின்வரிசையில நிக்கறேன்."

"பின்னாடியும்... சின்னது."

"ஆடாம ஓரமா நின்னு எண்ணட்டுமா?"

"ஓரம்... இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு மிதியடியில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டில் நியேவெஸிடம், பக்குவமாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "நாம வந்த புதுசுல வீடு காலியில்லன்னாளே ஒருத்தி, அவளும் பக்குவமாத்தான் சொன்னா. மேல சன்னல்ல 'வாடகைக்கு'ன்னு அட்டை தொங்கிட்டிருந்துச்சு."

விழா நாளில் தூறல். மேயர் பேசினார், ஒலிபெருக்கி ஊளையிட்டது, எங்கள் பெண்கள் புள்ளிப் பாவாடையோடு ஏறினார்கள். எவரிஸ்தோ தொடங்கினான். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், உற்சாகப்படுத்த வேண்டும் என்று கூட்டமாகக் கைதட்டினார்கள், ராணுவ அணிவகுப்புக்குத் தட்டுகிற மாதிரி. அதிலிருந்து தப்பிக்க எவரிஸ்தோ வேகத்தைக் கூட்டினான், அவன் கூட்டக் கூட்ட அவர்களும் கூட்டினார்கள். எண்ணுவதற்கு ஆள் இல்லை. பாதிப்பேர் வலப்பக்கம் சுழன்றார்கள், பாதிப்பேர் இடப்பக்கம் சுழன்றார்கள், அவர்களோடு ஆடிய நியேவெஸின் கொண்டைச் சீப்பு பறந்துபோய் நகராட்சி வாத்தியக் குழுவின் பெரிய ஊதுகுழலுக்குள் விழுந்து அது வேறு ஒரு சத்தம் போட்டது. உதவியாக இருக்கட்டுமே என்று மேடை ஓரத்தில் நின்று நான் இன்னும் பலமாகத் தாளம் தட்டினேன். குழப்பமே என் பக்கமிருந்துதான் தொடங்கியது என்று பிறகு சொன்னார்கள்.

ஃபுவென்சாந்தா கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிட்டாரும் வேண்டாம் என்று விலக்கிவிட்டு, தனியாகப் பாடினாள். ஊரைவிட்டு வந்தவளின் பாட்டு. சதுக்கம் அடங்கிவிட்டது. அப்போதுதான் கூட்டத்தின் கடைசியில் அவளைப் பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு கோதெலீவ நின்றிருந்தாள், எங்களைப் பார்க்க வந்திருக்கிறாள். முகம் அசையவில்லை. ஈரக் கல்தரையில் அவளுடைய கால் மட்டும் மெதுவாக, ஒரு அடி பிசகாமல், ஃபுவென்சாந்தாவின் பாட்டோடு போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அந்த இடத்தில் வேறு குடை நின்றது.

தூதரக அதிகாரி கைகுலுக்கினார் என்றேனே, அது இதற்குப் பிறகு. மனிதர் வடக்கே கலீசியாக்காரர், அந்தலூசியாவுக்கு அவர் போனதே இல்லையாம். "எங்க ஊர்ல தோல்பை வாத்தியம் ஊதுவாங்க, எனக்கு இது ஒண்ணும் புரியாது" என்று தாராளமாக ஒப்புக்கொண்டார். "ஆமா, உங்ககூட ஒரு ஃபிளாண்டர்ஸ் அம்மா ஆடறாங்கன்னு உள்ளூர்ப் பத்திரிகையில போட்டிருந்தானே? எங்க வீட்டம்மா அவங்களப் பாக்கத்தான் வந்தா. எங்கே அவங்க?"

எவரிஸ்தோ கிட்டாரின் நரம்பை முடுக்க ஆரம்பித்தான். ஃபுவென்சாந்தா என்னைக் காட்டினாள்.

"எங்க தலைவர்கிட்ட கேளுங்கய்யா. நம்ம மொழியில ஃபிளமென்கான்னா என்ன? ஃபிளமென்கோ ஆடறவன்னும் ஃபிளாண்டர்ஸ்காரின்னும் ரெண்டு அர்த்தம் உண்டா இல்லையா? இவரு ஃபிளமென்கோ மேடையிலேருந்து ஊருக்கே ஒருத்தியா இருந்த ஃபிளமென்காவ இறக்கி விட்டுட்டாரு!"

அந்த நொடியில்தான் படம் எடுத்தார்கள் அக்கா.

மறுநாள் கோதெலீவ வீட்டுக் கதவைத் தட்டினேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியத்தை நியேவெஸிடம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போயிருந்தேன். வருத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் இவர்கள் மொழியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண் கலங்க, எனக்குச் சாப்பாடு, மிகப் பெரிய சாப்பாடு என்றேன். அவள் உள்ளே கூட்டிப்போய் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். மறுக்க மொழி இல்லாமல் தின்றேன். தின்னத் தின்ன இன்னொரு துண்டு வைத்தாள். மேலே நிமிர்ந்து பார்த்தேன், காரை பெயர்ந்த இடமெல்லாம் அப்படியே இருந்தது, பூசவே இல்லை. அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு எனக்குப் புரிய வேண்டுமென்று சொல் சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

"அவர் போனப்புறம் இந்த வீட்டுல சத்தமே இல்ல. உங்க சத்தத்த நிறுத்தச் சொல்லத்தான் மேல வந்தேன். அப்புறம் நானே போட ஆரம்பிச்சுட்டேன். நானும் மேல்வீட்டுக்காரி ஆயிட்டேன்னு நினைச்சேன். இல்ல, கீழ்வீட்டுக்காரிதான். காபி ஊத்தட்டுமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன். அவள் உண்மையிலேயே காபியைத்தான் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை முதல் மேல்மாடியில் வகுப்பு இல்லை. ஃபுவென்சாந்தா வரவில்லை, பெண்களும் வரவில்லை. எவரிஸ்தோவும் நானும் சீட்டாடுகிறோம், அவன் செவில்லாவைப் பற்றிச் சொல்கிறான். பதவி விலகல் கடிதம் கொடுத்தேன், வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே, நானே வாங்கி நானே வைத்திருக்கிறேன். எங்களிடம் இந்த ஊர் கேட்டது ஓர் ஆட்டம். கேட்டவர்களில் ஒருத்தி மட்டும் ஏறி வந்து கற்றுக்கொண்டாள். அவளை நான் அனுப்பிவிட்டேன். இனி அந்த மாடிப்படியில் என் முகத்தைக் காட்டுவதாக இல்லை. இதை நீ தெருவில் யாரிடமும் படித்துக் காட்டாதே. தூதரக அதிகாரி கைகுலுக்கினார் என்பதோடு நிறுத்திக்கொள்.

அத்தானுக்கு என் மரியாதையையும், பிள்ளைகளுக்கு என் முத்தத்தையும், கேட்பவர்களுக்கு என் விசாரிப்பையும், கேட்காதவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் சொல். கடவுள் உங்கள் கூரையையும் அதன் கீழ் இருப்பவர்களையும் காக்கட்டும்.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
பால்தொமேரோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நியேவெஸ் இதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். வகுப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லையாம். கோதெலீவ பாடகர் குழுவில் பாடுகிற தேவாலயத்தின் கூடத்தைப் பிடித்து ஞாயிறுதோறும் எல்லாரும் அங்கேதான் ஆடுகிறார்களாம், தபால் நிலையமே பாதி சேர்ந்துவிட்டதாம், தூதரக அதிகாரியின் வீட்டம்மாகூட வருகிறாளாம். நியேவெஸும் போகிறாள், சந்தைக்குப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். கடிதத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். வாசலில் கோதெலீவ உட்கார்ந்து புதியவர்களின் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். என் பெயரைக் கேட்டாள், தெரியாதவள் மாதிரி. சொன்னேன். பிறந்த ஊர் எது என்று நம் மொழியிலேயே கேட்டாள். பெஞ்ஞாரோயா, கோர்தோபா மாகாணம், அந்தலூசியா என்றேன். பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பரவாயில்ல, சேத்துக்கலாம்" என்றாள்.