பத்துக்குப் பத்து

டாக்டரம்மா நீட்டிய தாளைப் பிரசுர எழுத்தாளர் உற்றுப் பார்த்தார். அதில் இருந்தது அவருடைய சொந்தக் கையெழுத்து.

"நம்ம புத்தகத்துல இருந்து வந்த முதல் தாள்," என்று அறைக் கதவைச் சாத்தினார் டாக்டரம்மா. "வயசு பதினெட்டுல இருந்து இருபத்தஞ்சு. பத்துக் கேள்விக்கும் 'ஆமாம்'."

எழுத்தாளருக்கு வயது நாற்பத்தேழு. அந்தச் சுகாதார அலுவலகத்தில் கொசுவைப் பற்றியும் பல்லைப் பற்றியும் இருபது வருடமாகப் பிரசுரம் எழுதியவர். இந்த முறை இளைஞர்களின் மனநலம். புத்தகத்தின் கடைசியில் கிழித்துக் கொடுக்க ஒரு கேள்வித் தாள். அதை ஐந்து நிமிடத்தில் நிரப்ப முடிகிறதா என்று பார்க்கத் திங்கட்கிழமை காலை பேனாவை எடுத்தார். விளையாட்டாகத்தான் தொடங்கினார். 'தூக்கம் கெடுகிறதா?' என்ற இடத்திலேயே விளையாட்டு போய்விட்டது. நாற்பத்தேழுக்குக் கட்டம் இல்லாததால் இருந்ததில் ஒன்றைக் குறித்துவைத்தார்.

நடுவில் தொலைபேசி வந்தது. பேசிவிட்டுத் திரும்புவதற்குள் கல்லூரிக்குப் போகும் நூறு புத்தகங்களோடு அவர் நிரப்பிய புத்தகத்தையும் சேர்த்துக் கட்டி, ஓட்டுநர் கீழே எடுத்துப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினால் ஏன் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? எழுத்தாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்க மேடம்," என்றார் மறுநாளான இப்போது.

"விளையாட்டுக்கு எழுதுறவங்க இப்படி எழுத மாட்டாங்க." டாக்டரம்மா மெதுவாகப் படித்தார். "'தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.' பாவம், படிச்சுக்கிட்டே வேலைக்கும் போகுது போல."

எழுத்தாளருக்குக் காது சுட்டது. அலுவலகத்தில் எல்லாமே கணினியில் என்பதால் தன் கையெழுத்து யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"இந்தப் பிள்ளையைக் கண்ணால பார்க்கிற வரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது," என்றார் டாக்டரம்மா.

எழுத்தாளருக்கும் இறங்கவில்லை. மதிய இடைவேளையில் ஒரு தாளை எடுத்து, இடது கையால், 'நான் இப்போது நன்றாக இருக்கிறேன். என்னைத் தேட வேண்டாம்' என்று எழுதித் தபால் தட்டில் செருகினார். தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொள்ள அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

"'தேட வேண்டாம்'னு எழுதியிருக்கு," என்று வந்தார் டாக்டரம்மா. "இதைவிட என்னைப் பயமுறுத்துற வார்த்தை கிடையாது. கை எப்படி நடுங்கியிருக்கு பாருங்க."

"இடது கைப் பழக்கமா இருக்கலாம் மேடம்."

"காலையில வரைக்கும் வலது கைதான்."

எழுத்தாளர் இடது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"நீங்களே அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு என் அறைக்கு வரச் சொல்லுங்க."

'அன்பார்ந்த இளைஞர்களே, மனச்சோர்வை முளையிலேயே ஒழிப்போம்' என்று எழுதிக் கொடுத்தார். டாக்டரம்மா அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது கொசு வளர்ற தேங்கின தண்ணிக்கு எழுதினது. அந்தப் பிள்ளைக்கு எழுதுங்க."

புதன்கிழமை முழுவதும் அந்தப் பிள்ளைக்கு எழுதினார். 'எட்டு மாதமாக உனக்குத் தூக்கமில்லை. வீட்டில் கேட்டால் வேலை அதிகம் என்கிறாய். காய்ச்சல் என்றால் மறைப்பாயா? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.' கடைசி வரியை எத்தனையோ பிரசுரத்தில் எழுதியிருக்கிறார். ஊருக்கெல்லாம் தைரியமாகச் சொன்ன அந்த வரியைத் தான் ஒரு நாளும் நம்பியதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டு சொட்டுக் கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் பார்த்தபோது, மின்விசிறித் தூசி என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவின் உள்பக்கத்தில், கண்ணுக்கு நேராக, அவருடைய கடிதம்.

"கழிப்பறையில உட்கார்ற பிள்ளைன்னா அங்கதானே ஒட்டணும்," என்றார் டாக்டரம்மா, நடைவழியில் எதிர்ப்பட்டபோது. "சரியா ஒட்டுதான்னு பார்க்க நம்ம கதவுலயும் ஒண்ணு."

நான்கு மணிக்கு டாக்டரம்மாவின் அறை திறந்திருந்தது. மேசையில் கோப்பு எதுவும் இல்லை. எதிரே ஒரு காலி நாற்காலி. எழுத்தாளர் நடைவழியில் ஏழு முறை போனார், ஏழு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா வாசலைப் பார்த்தபடியே இருந்தார்.

"இன்னும் வரலையா மேடம்?" என்று கேட்டார், வாய் கூசாமல்.

"வரும். வராட்டி அடுத்த வியாழக்கிழமையும் உட்கார்ந்திருப்பேன்."

இல்லாத பிள்ளைக்காக ஒரு பெரிய மனுஷி வாராவாரம் காத்திருக்கப் போகிறார். எழுத்தாளர் கூனிக் குறுகிப்போனார். 'நான்தான்' என்று சொல்ல ஒரு காலை உள்ளே வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டார். இனி ஒரே வழி, எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கி இந்தக் கதையையே மூடிவிடுவது. கீழே இறங்கி ஓடினார். ஓட்டுநர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லூரியில கொடுத்த கட்டைத் திருப்பி வாங்கிட்டு வர முடியுமா? அச்சுப் பிழை இருக்கு."

ஓட்டுநர் துணியை உதறிக்கொண்டே சொன்னார்.

"எந்தக் கல்லூரி சார்? கட்டு இன்னும் வண்டியிலதான் கிடக்கு. மேல இருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கடைசித் தாளைக் கிழிச்சு எடுத்துக்கிட்டு, 'இதை எழுதினவர் தானா வந்து என்கிட்ட பேசுற வரைக்கும் ஒண்ணுகூட வெளிய போக வேண்டாம்'னு டாக்டரம்மா திங்கட்கிழமையே சொல்லிட்டாங்களே."