நூற்றுக்கு நாற்பது

ஒரு காட்டில், பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்துக் குகையாகப் பார்த்துக் குடியேறிய மருதப்பன் என்றொரு கரடி இருந்தார். சர்க்கரை வியாதி ஏற்கெனவே உண்டு. மேடு ஏறினால் நெஞ்சும் வலிக்கத் தொடங்கவே, மனைவி சிகப்பி அவரை மரங்கொத்தி டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கத்தை அவர் விட்டு வெகுநாளாயிற்று. ரத்தத்தில் என்னென்ன கொழுப்பு ஓடுகிறது என்று பார்த்துவர, லேப் வைத்திருந்த அட்டையிடம் அனுப்பினார். அட்டை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ரிப்போர்ட் கொடுத்தது. கெட்ட கொழுப்பு நூற்றுக்கு நாற்பது. முப்பதுக்குக் கீழே இறங்காவிட்டால் இதயம் தாங்காது, பஜ்ஜியை நிறுத்துங்கள் என்றார் டாக்டர்.

மருதப்பனுக்குச் சாகவும் பயம், பஜ்ஜியை விடவும் மனமில்லை. மறுபடி அட்டையிடம் போய் இந்த நாற்பது எப்படி வருகிறது என்று விசாரித்தார். மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்று நான் எழுதுவதில்லை, அதில் கெட்டதன் பங்கை மட்டும்தான் எழுதுவேன் என்றது அட்டை.

"அப்போ மத்த கொழுப்பெல்லாம் ஏறினா, இதோட பங்கு தானா இறங்கிடுமே?"

"கணக்குப்படி இறங்கும்."

மருதப்பன் ஒரு பஜ்ஜியைக்கூடக் குறைக்கவில்லை. அதற்கு மேல் கடலை, எள், ஆற்றுமீன் என்று நல்ல கொழுப்பாகத் தேடித் தேடித் தின்றார். அடுத்த ரிப்போர்ட்டில் நூற்றுக்கு இருபத்தெட்டு. டாக்டர் அதை மரத்தில் ஒட்டிவைத்து, மற்ற நோயாளிகளையும் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

அந்த மரத்தடியிலேயே மருதப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ரிப்போர்ட் இவ்வளவு நன்றாக இருக்கும்போது இது வெறும் வாயுத்தொல்லைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிகப்பி அவரை இழுத்துக்கொண்டு வீடு சேர்ந்தாள். தின்றதெல்லாம் போதும் என்று கேழ்வரகுக் கூழையும் கீரையையும் வைத்தாள். காலையில் அவரைப் பின்னாலிருந்து தள்ளியே நடக்கவிட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் மருதப்பனுக்கு இடுப்பு என்று ஒன்று தெரிந்தது. நெஞ்சுவலி போன இடம் தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் டாக்டரிடம் காட்டப் போனார்கள். ரத்தத்தில் கொழுப்பு மொத்தமாகவே வற்றியிருந்தது. அட்டைக்கு ருசியே தெரியவில்லை. ஆனால் மிஞ்சியிருந்த கொஞ்சத்தில் கெட்டதன் பங்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு.

"நல்லா இருந்தவரை இப்படிக் கெடுத்து வச்சிருக்கியேம்மா," என்றார் டாக்டர்.

"அவரு இப்ப மூச்சு வாங்காம மேடு ஏறுறாருங்க," என்றாள் சிகப்பி.

"ரிப்போர்ட்ல மேடெல்லாம் வராதும்மா."

இருபத்தெட்டு வந்தபோது என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். மருதப்பன் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். அதையே அப்படியே, பஜ்ஜி உட்பட, மூன்று வேளைக்கும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். டாக்டர் எழுதியதைச் சிகப்பியால் மறுத்துப் பேச முடியவில்லை. மருதப்பன் அன்று சாயங்காலமே சிகிச்சையைத் தொடங்கினார்.

நீதி: உடம்பு தேறுவது அவரவர் சொந்த விஷயம். ரிப்போர்ட் தேறுவதற்குப் பெயர்தான் ஆரோக்கியம்.